இரண்டு மாதம் என்று சொல்லிக்கொடுத்தவன்

அன்றைக்குக் கண்ணாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

முதலாளி. வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் சீப்பு.

நாச்சிமுத்து. தாராபுரம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எழுபது வயது. நாற்காலி முழுக்க இடம் இருந்தும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

தெய்வானை. அவர் சம்சாரம். மடியில் ஜவுளிக்கடைத் துணிப்பை. பைக்குள் இரண்டு பாஸ்போர்ட்.

கவிதா. அவர்களுடைய ஒரே மகள். ஆள் டல்லாஸில். குரல் மட்டும் மேசை மேல் கிடந்த செல்போனில்.

நான். ஆறுமுகம். போத்தனூர். எட்டாம் வகுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, அமெரிக்க அதிகாரியாக உட்கார்ந்திருந்தேன்.

ஆக ஐந்து பேர். விவரம் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் ஆபீசிலிருந்து ரம்யா போன் செய்தாள். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் பெண். கண்ணாடி அறையை இடித்துவிட்டார்களாம். இனிமேல் செல்போனில் ஒரு ஆப் கேள்வி கேட்குமாம், அமெரிக்கக் குரலிலேயே கேட்குமாம், பதில் சொன்னால் மார்க் போடுமாம். புதிதாக வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அண்ணா என்றாள். எழுதுகிறேன். காட்டுவார்களா என்பது முதலாளி கையில்.

பீளமேட்டில் நான் வேலை பார்த்த மில் மூடினதும், விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கும் இந்த டிராவல்ஸில் டீ வாங்கி வரச் சேர்ந்தேன். பிறகு பாஸ்போர்ட் கட்டைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தேன். பிறகு ஃபாரம் அடித்தேன். என் படிப்பு அவ்வளவுதான். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆங்கில எழுத்து தெரியும். அது வேறு, இது வேறு. எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும், அதற்கு என்ன போட வேண்டும் என்பது கைக்குத் தெரியும். டிகிரி படித்து வந்தவர்கள் கேள்வியைப் படித்துப் பார்த்துக் குழம்புவார்கள். நான் படிப்பதே இல்லை. அதனால் வேகம் அதிகம்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சில் அவரைப் போல மரியாதையான ஆளைக் கோயமுத்தூரில் பார்க்க முடியாது. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு பாஸ்போர்ட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவார். கெட்ட சங்கதி எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. புரட்டி முடித்து எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக மூன்று வார்த்தை வைத்திருந்தார். 'பண்ணிக்கலாமுங்க' என்றால் நடக்கும். 'பாத்துக்கலாமுங்க' என்றால் நடக்காது. 'சாமி உட்ட வழிங்க' என்றால் ஏற்கெனவே கெட்டுவிட்டது. வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூன்றுக்கும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கண்ணாடி அறை அவர் யோசனை. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுண்டர் கண்ணாடியை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். பின்னறையில் குறுக்கே நிறுத்தினார். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. அவருடைய கல்யாணத்து டையை எனக்குக் கட்டிவிட்டார். சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா இன்டர்வியூ போகும் அப்பா அம்மாக்களுக்கு முதலில் இங்கே ஒத்திகை. அதிகாரி நான்.

பதினொரு கேள்வி எனக்கு மனப்பாடம். தமிழ் எழுத்தில் எழுதி ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பன்னிரண்டாவது கேள்வி தெரியாது. ஒரு தடவை ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் பதில் சொல்லாமல் ஆங்கிலத்தில் என்னிடமே திருப்பி ஏதோ கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். முதலாளி அவர் காதருகே குனிந்து, "அமெரிக்கா யோசிக்குதுங்க" என்றார்.

அந்தக் கண்ணாடியில் ஒரு கோளாறு. டிக்கெட் காசு நீட்டுகிற ஓட்டை என்பதால் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதன் வழியாகத்தான் குரல் வரும். எல்லோரும் குனிந்து பேசிப் பழகினார்கள். சென்னையில் நிமிர்ந்து நின்று பேசுகிற இடத்திலும் எங்கள் ஆட்கள் குனிந்தே பேசினார்களாம். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்களாம், இது கோயமுத்தூர் என்று.

எட்டாவது கேள்வி, எத்தனை நாள் இருப்பீர்கள். அதற்கு எங்கள் ஆபீசில் ஒரே பதில். இரண்டு மாதம். ஆறு மாதம் என்றால் பேராசை. ஒரு மாதம் என்றால் இத்தனை தூரம் போய் ஒரு மாதமா என்று சந்தேகம் வரும். இரண்டு மாதம் கவுரவமாக இருக்கும் என்பார் முதலாளி. போகிறவர் நிஜமாக எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஓட்டை வழியாக நாலைந்து தடவை சொல்ல வைத்து அனுப்புவேன். எங்கள் ஊர் மனுஷருக்கு அது சொல்லவும் சுலபம். மகள் வீடானாலும் ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போகிறோம், குறைத்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள்.

இனி அந்தக் கேஸ்.

நாச்சிமுத்துவும் தெய்வானையும் முதலில் டிக்கெட் எடுக்கத்தான் வந்தார்கள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் நாள் ஆவதற்கு முன்னாலேயே நடந்து, குழந்தை ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதற்கும் இவர்கள்தான் போயிருந்தார்கள். அதற்கும் எங்கள் ஆபீஸ்தான் விசா எடுத்துக் கொடுத்தது. பத்து வருஷ விசா. இன்னும் நாலு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. இந்தத் தடவை டாக்டர் மகளைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் அஞ்சு வயதுப் பையன். அம்மா வந்தால்தான் ஆகும்.

முதலாளி பின்னாலிருந்து புரட்டினார். விசாவைப் பார்த்தார். டிக்கெட் பண்ணிக்கலாமுங்க என்றார். நான் நகல் எடுக்க வாங்கிப் போனேன். நகல் எடுக்கிறவன் எல்லாப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். நடுப்பக்கத்தில் அமெரிக்க விமான நிலையத்து முத்திரை. அதன் மேல் பேனாவால் ஒரு தேதி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விசா என்பது வாசல் வரைக்கும்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கியதும் கேள்வி கேட்டு, முத்திரை குத்தித் தேதி எழுதுவார்கள். நாங்கள் பார்த்தவரை எல்லோருக்கும் ஆறு மாதம் எழுதியிருந்தார்கள். அதனால் யாரும் அந்தத் தேதியைப் படிப்பதில்லை. இவர்களுக்கு எழுதியிருந்தது இரண்டு மாதம். இவர்கள் இருந்தது ஐந்து மாதம் பத்து நாள்.

ஓவர்ஸ்டே. தேதி தாண்டி ஒரு நாள் இருந்தாலும் அந்தப் பத்து வருஷ விசா அன்றைக்கே செத்தது. ஒட்டியிருக்கும், பளபளக்கும், உயிர் இருக்காது. தெரியாமல் டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் அங்கே இறக்கி அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றியிருப்பார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார். "புது விசா போட்டுக்கலாமுங்க" என்றார். இது நாலாவது வார்த்தை. அதற்கு அர்த்தம் அவருக்கே தெரியாது.

ஃபாரத்தில் போடுவதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் எங்களிடம் ஒத்திகை முதலில், ஃபாரம் பிறகு. அப்படித்தான் நாங்கள் ஐந்து பேரும் கண்ணாடி அறையில் கூடினோம்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. இதற்கு முன் கொடுத்த நாளைத் தாண்டி இருந்திருக்கிறீர்களா. ஆம், இல்லை. முதலாளி இல்லை போடலாம் என்றார். செல்போனில் கவிதாவும் அதையே சொன்னாள். அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை அங்கிள், இங்கே என் பிரெண்டோட மாமனார் அப்படித்தான் போட்டார் என்றாள். படித்த பெண். பெரிய கம்பெனியில், கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை.

அப்போதுதான் முதலாளி நாச்சிமுத்துவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லாருக்கும் ஆறு மாசம் குடுக்கறவன் உங்களுக்கு மட்டும் ஏனுங்க ரெண்டு மாசம் குடுத்தான், நீங்க என்ன சொன்னீங்க என்றார்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தார்.

"எத்தன நாளுன்னு கேட்டாங்க. ரெண்டு மாசமுங்கன்னேன். இவருதானுங்க அப்படிச் சொல்லோணும்னாரு."

முதலாளி, அது சென்னையில் சொல்வதற்குங்க என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்களே. அங்கயும் கண்ணாடி இருந்துச்சு. அங்கயும் ஒருத்தரு டை கட்டி உக்காந்திருந்தாரு. அதே கேள்வியக் கேட்டாரு. நானும் குனிஞ்சு சொன்னனுங்க."

நான் கழுத்து டையைப் பிடித்து இழுத்தேன். தளர்த்தத் தெரியாது, எப்போதும் முதலாளிதான் தளர்த்திவிடுவார்.

ஆறு மாதம் கேட்க வேண்டிய மனுஷர் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி இரண்டு மாதம் வாங்கியிருக்கிறார். அந்தத் தேதியைப் படிக்காதது அவர் தப்பு. அந்த வாயைப் பழக்கியது நான்.

முதலாளி சமாளித்துக்கொண்டார். சரிங்க, நடந்தது நடந்துபோச்சு, இல்லைன்னே போட்டுக்கலாம், இந்தத் தடவையும் ரெண்டு மாசம்னே சொல்லுங்க, ஆறுமுகம், கேள்வியைக் கேளு என்றார். நான் கேட்டேன். நாச்சிமுத்து குனிந்து, இரண்டு மாசமுங்க என்றார். அதுவரை வாயே திறக்காத தெய்வானை அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"நிமுந்து பேசுங்க. ஒருக்கா குனிஞ்சது போதும்."

கவிதாவின் குரல் உடைந்தது. அம்மா, என்னமோ சொல்லி எப்படியாவது வந்துரும்மா, என்னால முடியலம்மா என்றாள். தெய்வானை செல்போனைப் பார்த்து, அழுவாத கண்ணு, அம்மா வாரேன் என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

இல்லை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சில வருஷம் முன்னால் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் வந்தார். முன்பு ஒன்பது நாள் ஓவர்ஸ்டே. முதலாளி இல்லை போடச் சொன்னார், நான் போட்டேன். சென்னையில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் கம்ப்யூட்டரில் தாசில்தார் போன நாளும் இருந்தது, வந்த நாளும் இருந்தது. ஒன்பது நாள் தப்புக்கு மன்னிப்பு உண்டு. பொய்க்குக் கிடையாது. ஆயுளுக்கும் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகன் கல்யாணத்தைச் செல்போனில் பார்த்தார், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு. முதலாளி அவரிடம் சாமி உட்ட வழிங்க என்றார்.

மறுநாள் முதலாளி பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஃபாரத்தைத் திறந்தேன். பக்கத்தில் ரம்யாவை உட்கார வைத்தேன். ஒவ்வொரு கேள்வியையும் படித்துத் தமிழில் சொல் என்றேன். இருபது வருஷத்தில் அந்த ஃபாரம் என்ன கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயங்கரவாதியா, ஆள் கடத்தினீர்களா என்றெல்லாம் கேட்கிறது. தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிற ஆளிடம். அத்தனைக்கும் நான் இல்லை இல்லை என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எத்தனை நாள் என்ற கட்டம் வந்தது. தாராபுரத்துக்குப் போன் போட்டேன். தெய்வானைதான் எடுத்தார். எத்தனை நாள் இருப்பீங்கம்மா என்றேன்.

"நெசத்துக்குச் சொல்லட்டுங்களா, ஃபாரத்துக்குச் சொல்லட்டுங்களா?"

நிஜத்துக்கு என்றேன். சத்தமாக எண்ணினார். டாக்டர் குறித்த தேதிக்கு முன்னால் பதின்மூன்று நாள். பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும் தொண்ணூறு நாள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா வந்து சேருகிற வரைக்கும் பதினைந்து நாள். நூற்றுப் பதினெட்டு. போட்டேன்.

தாண்டி இருந்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் போட்டேன். விளக்கம் எழுத ஒரு கட்டம் திறந்தது. அப்படி ஒரு கட்டம் திறக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான் தமிழில் சொன்னேன், ரம்யா ஆங்கிலத்தில் அடித்தாள். போன தடவை விமான நிலையத்தில் எத்தனை நாள் என்று கேட்டார்கள். கோயமுத்தூரில் ஃபாரம் போட்ட ஆள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு மாதம் என்றோம். இரண்டு மாதம் கொடுத்தார்கள். தேதியைப் படிக்காமல் மூன்று மாதம் பத்து நாள் கூடுதலாக இருந்துவிட்டோம். தப்பு. இவ்வளவுதான். தப்புக்குப் பெரிய வார்த்தையாக ஏதாவது போடட்டுமா அண்ணா என்று கேட்டாள். தப்புன்னே போடு என்றேன்.

கடைசியில் ஒரு கேள்வி. இந்த ஃபாரத்தை நிரப்ப யாராவது உதவினார்களா. எங்கள் ஆபீசில் அதற்கும் இல்லைதான். தோப்புக்காரர்களும் நூல் கடைக்காரர்களும் தாங்களே உட்கார்ந்து அடித்ததாக அமெரிக்கா நம்பிக்கொண்டிருந்தது. நான் ஆம் போட்டேன். பெயர் கேட்டது. ஆபீஸ் பெயரைப் போடவில்லை. என் பெயரையும் போத்தனூர் விலாசத்தையும் போட்டேன். இரண்டு பேர் ஃபாரத்திலும். அனுப்பிவிட்டேன். அனுப்பியபின் அதைத் திருத்த முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலாளி வந்தார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பாத்துக்கலாமுங்க ஆறுமுகம்" என்றார். எனக்கு அவர் ங்க போட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். மறுநாளிலிருந்து ஆறுமுகம் சார் ஆனேன். அந்த வாரக் கடைசியில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இனி அதிக நாள் இங்கே இருக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

இன்டர்வியூ தேதி லேசில் கிடைக்காது. எட்டு நாள் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். யாரோ வேண்டாம் என்று விட்ட இடம் ஒன்று வந்தது, பிடித்தேன். நானே கூட்டிக்கொண்டு போனேன். லீவு கேட்டதற்கு முதலாளி, தாராளமாப் போயிட்டு வாங்க சார் என்றார்.

முதல் நாள் கைரேகை. மட்டை உரித்து உரித்து நாச்சிமுத்துவின் விரலில் ரேகையே இல்லை. மெஷின் மூன்று தடவை இல்லை என்றது. மெஷினில் இருந்த பெண் விரலைத் துடைத்து அழுத்திப் பிடித்து நாலாவது தடவையில் வாங்கினாள்.

மறுநாள் காலையில் கேட் வரைக்கும் விட்டேன். இனி ஒத்திகை எதுவும் கிடையாது, கேட்டதற்கு நடந்ததைச் சொல்லுங்கள், நிமிர்ந்து சொல்லுங்கள் என்றேன். செல்போன் உள்ளே ஆகாது. என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது. கவிதா. வந்துட்டாங்களா அண்ணா. இல்லம்மா. இப்ப அண்ணா. இன்னும் இல்லம்மா. தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கும் பெண், ஆம் போட்டது தப்பா அண்ணா என்று என்னிடம் கேட்டாள். தெரியாதும்மா என்றேன். தெரியாது.

அங்கே வெளியே நிற்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைப் பார்ப்பான். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள், வெறுங்கையோடு வருவார்கள். கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் கையில் இருக்கும்.

தெய்வானை முன்னால் வந்தார். வெறுங்கை. பின்னால் நாச்சிமுத்து. கையில் பாஸ்போர்ட், தாள்.

டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். ஜன்னலில் ஒரு அதிகாரி, பக்கத்தில் தமிழ் சொல்ல ஒரு பெண். ஏன் இரண்டு மாதம் என்று சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாச்சிமுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லச் சொன்னார் என்றாராம். தமிழ்ப் பெண் பதறி, எங்க ஆபீசரா சொன்னாருன்னு கேட்டிருக்கிறாள். "இல்லீங்க, அது கோயமுத்தூருக் கண்ணாடிங்க" என்று விளக்கியிருக்கிறார். அதிகாரிக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. பிறகு ஏன் அத்தனை நாள் இருந்தீர்கள் என்றதற்கு, ஒறம்பரையாப் போன எடத்துல நாளை எண்ணுனா மரியாதை இல்லீங்களே என்றாராம். தமிழ்ப் பெண் அதை மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாளாம்.

அடுத்து தெய்வானையைக் கேட்டிருக்கிறார்கள். அவர் நிமிர்ந்து நின்று, நாந்தானுங்க போலாம் போலாம்னவரை நிறுத்தி வெச்சேன், புள்ள பொட்டிக்குள்ள கெடந்துச்சு என்றிருக்கிறார். இந்தத் தடவை எத்தனை நாள். நூத்திப் பதினெட்டு. அதென்ன கணக்கு. பதிமூணு, தொண்ணூறு, பதினஞ்சு. அதிகாரி எழுதிக் கூட்டிப் பார்த்தாராம்.

அதற்கப்புறம் ஒருவர் போகலாம், ஒருவர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அந்தத் தாளில் இல்லை. அது எல்லோருக்கும் கொடுக்கிற ஒரே தாள்.

தெய்வானை டீயைக் குடிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து இவரை விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினதில்லையாம். அவருக்குக் காப்பி வைக்கவும் தெரியாதாம். நான் ஒருத்தி எப்படிங்க போறது என்றார்.

நாச்சிமுத்து தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நீ போ. இங்க பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையை இருபது வருஷமாக ஒரு அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறேன். இவர் வேறு அர்த்தத்தில் சொன்னார்.

கவிதாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். அம்மா வாராங்க என்று முதலில் சொன்னேன். அப்பா வரலை என்பதைப் பிறகு சொன்னேன். அவள் இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

தெய்வானைக்கு வீல்சேர் போட்டோம். அது எங்கள் தொழிலில் வழக்கம். ஆங்கிலம் தெரியாத அம்மாக்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே கால் வலி வந்துவிடும். தள்ளுகிறவன் ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். வழி கேட்க வேண்டியதில்லை. களத்தில் தேங்காய் மூட்டை தூக்குகிற அம்மா சக்கர நாற்காலியில் போனார். இங்கிலீஷில் நான் சொல்லிக்கொடுத்தது நாலு வார்த்தை. ஒன் ஒன் எய்ட் டேஸ். நான் சொல்லிக்கொடுத்த கடைசிப் பதில் அது.

இறங்கிய அன்றைக்கே என் செல்போனுக்கு ஒரு போட்டோ வந்தது. குழந்தையோ மகளோ இல்லை. முத்திரை. ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். படிச்சுட்டனுங்க என்று குரல் அனுப்பியிருந்தார்.

பிரசவம் டாக்டர் குறித்ததற்கு இரண்டு நாள் முன்னால் நல்லபடியாக ஆனது. பெண் குழந்தை. பெட்டியில் வைக்கவில்லை.

முதலாளி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஓவர்ஸ்டே கேஸில் விசா வாங்கிய ஆபீஸ் என்று பெயர் பரவியது. திருப்பூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். சார் போய் மறுபடி வெறும் ஆறுமுகம் ஆகியிருந்தேன். "அந்த அம்மா சொன்ன பதிலை எழுதி ஒட்டிருப்பா" என்றார். எட்டாவது கேள்விக்கு இனிமேல் இரண்டு மாதம் இல்லை, நூற்றுப் பதினெட்டு நாள். கல்யாணத்துக்குப் போகிறவருக்கும் அதே. நயாகரா பார்க்கப் போகிறவருக்கும் அதே. பிள்ளைக்குத் தலை நிற்கிற கணக்கு என்று சொன்னேன். அதெல்லாம் அவனுக்கு எதுக்குங்க, நம்பர் ராசியான நம்பரு என்றார். ஒரு மாதம் கோயமுத்தூரிலிருந்து போன அத்தனை பேரும் அங்கே நூற்றுப் பதினெட்டு நாள் என்றிருப்பார்கள். அந்த அதிகாரி என்ன நினைத்தாரோ.

நான் டையைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தேன். அதற்குள் கழற்றக் கற்றுக்கொண்டிருந்தேன். இனி வரலைங்க என்றேன். பாத்துக்கலாமுங்க என்றார்.

ஆப்பைப் பற்றிப் புதியவர்களிடம் ஒன்று சொல்லிவிடு ரம்யா. எட்டாவது கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும் அது மார்க் போடும். நிஜத்துக்கா, ஃபாரத்துக்கா என்று அதற்குத் தெரியாது.

தெய்வானை திரும்பி வந்த அன்றைக்கு நாச்சிமுத்து என்னையும் பீளமேடு விமான நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். காப்பி வைக்கப் பழகிட்டனுங்க என்றார். நல்லாருக்குதா என்றேன். இல்லீங்க என்றார்.

தெய்வானை வீல்சேரை விட்டு இறங்கி நடந்தே வந்தார். பெட்டியை அவரே தள்ளினார். நாச்சிமுத்து போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். சொன்ன கணக்குக்கு நாளைக்கல்லவா வர வேண்டும் என்று நான் கேட்டேன்.

"சொன்ன நாள் முச்சூடும் இருந்தா, எண்ணி எண்ணி இருந்த மாதிரி ஆயிருமுங்க. ஒரு நாள் கொறைச்சு வந்துபோட்டேன்."

மகள் இரு இரு என்று அழுதாளாம். அந்த ஒரு நாளைக்காவது இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்தது. மடிப்பில் கிழிந்திருந்தது. சென்னையில் அவருக்கு விசா இல்லை என்று கொடுத்த தாள். திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பேனாக் கோடு. அந்த அம்மா போன நாளிலிருந்து தினம் காலையில் ஒன்று போட்டிருக்கிறார். எண்ணிச் சொல்லுங்க, எனக்குப் பாதியில உட்டுப்போகுது என்றார்.

அங்கேயே நின்று எண்ணினேன். சரிபார்க்க இன்னொரு தடவை எண்ணினேன்.

நூற்றுப் பதினேழு.